டி செல்லைத் தூண்டுவதா, அடக்குவதா? பூஞ்சை நோய் சிகிச்சையின் பின்னணி

சோரியாசிஸ் நோய்க்கு இப்போது போடும் ஊசிகளில் ஒரு வகை, உடலில் இன்டர்லூகின்-17 என்ற புரதத்தை மட்டும் குறிவைத்துத் தடுக்கிறது. ஊசி நன்றாகவே வேலை செய்கிறது, தோலில் செதில் உதிர்வது அடங்குகிறது. ஆனால் சிலருக்குக் கொஞ்ச நாளில் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் வெள்ளைப் படலம் படிய ஆரம்பிக்கிறது. கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை அது. இந்த வகை மருந்துகள் இரண்டை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. இன்டர்லூகின்-17-இன் 'ஏ' வடிவத்தை மட்டும் தடுக்கும் செகுகினுமாப் போட்டுக்கொண்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு வாயில் கேண்டிடா வந்தது. 'ஏ', 'எஃப்' இரண்டையும் தடுக்கும் பிமெகிசுமாப் போட்டுக்கொண்டவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு வந்தது.

அந்தப் பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வந்ததல்ல. நம்மில் ஏராளமானோரின் வாயிலும் குடலிலும் எந்தத் தொந்தரவும் தராமல் எப்போதும் இருப்பதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாய் பாதிக்கப்பட்டாலும், ரத்தத்தில் பூஞ்சை பரவி உயிருக்கு ஆபத்தாவது இந்த நோயாளிகளிடம் மிக அரிது. பெரும்பாலும் மாத்திரையிலோ வாயில் தடவும் மருந்திலோ சரியாகிவிடுகிறது. அப்படியென்றால் வாயைக் காப்பது ஒன்று, ரத்தத்தைக் காப்பது வேறொன்று. நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணுக்களான டி செல்கள் பூஞ்சையை எதிர்ப்பதைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சிகிச்சையே தடம் மாறிவிடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் எந்தத் தொற்றும் ஓடிவிடும் என்று பொதுவாகப் பேசுகிறோமே, பூஞ்சை விஷயத்தில் அந்தப் பேச்சு நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகிவிடலாம். எந்த டி செல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் கை வைக்க முடியும்.

டி செல் பூஞ்சையை விழுங்குவதில்லை. விழுங்கிக் கொல்வது நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற வேறு வெள்ளையணுக்களின் வேலை. அவற்றை வரவழைப்பதும், உசுப்பிவிடுவதும், வேலை முடிந்ததும் நிறுத்துவதும் டி செல்களின் பொறுப்பு. வாயில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். கேண்டிடா உருண்டை வடிவில் மேலாக ஒட்டியிருக்கும்வரை உடல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நீண்ட இழையாக மாறித் திசுவுக்குள் நுழைய முயலும்போது கேண்டிடாலைசின் என்ற நச்சை அது சுரக்கிறது. 2016-ல்தான் இந்த நச்சு அடையாளம் காணப்பட்டது. நச்சுப் பட்டு உட்தோல் செல்கள் சேதமானதும் அபாய அறிவிப்பு கிளம்புகிறது. அதே சமயம் பூஞ்சையின் சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை, கிருமிகளைக் கண்டு டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்ற ஏற்பி பிடித்துக்கொள்கிறது. அந்தச் செய்தி கார்டு-9 என்ற புரதம் வழியாகச் செல்லுக்குள் இறங்கி, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-23 போன்றவற்றைச் சுரக்க வைக்கிறது. இவை சுற்றிலும் நிறைந்திருக்கும் சூழலில் விழித்துக்கொள்ளும் டி செல், டிஹெச்-17 என்ற வகையாக மாறுகிறது. அது வெளியிடும் இன்டர்லூகின்-17-உம் 22-உம் உட்தோலைப் பூஞ்சைக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கச் செய்கின்றன, நியூட்ரோஃபில்களை அந்த இடத்துக்கு இழுத்து வருகின்றன.

இதெல்லாம் எலியில் பார்த்த கதை மட்டுமல்ல. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்த மனிதர்கள் இருக்கிறார்கள். 'ஜாப்' நோய்க்குறி என்று அழைக்கப்படும் பிறவிக் குறைபாட்டில் ஸ்டாட்-3 என்ற மரபணு கெட்டிருப்பது 2007-லும், அதனால் டிஹெச்-17 செல்களே உருவாவதில்லை என்பது 2008-லும் தெரியவந்தன. அந்தக் குழந்தைகளுக்குக் கேண்டிடா தீராத தொல்லை. டெக்டின்-1, கார்டு-9 குறைபாடுள்ள குடும்பங்கள் 2009-ல் விவரிக்கப்பட்டன. 2011-ல் ஜீன்-லாரன் காசநோவா, ஆன் புவெல் ஆகியோரின் குழு இன்டர்லூகின்-17 வழித்தடத்திலேயே பிறவிப் பிழை உள்ளவர்களைக் கண்டது. அவர்களுக்கு நகம், தோல், வாய் என்று கேண்டிடா திரும்பத் திரும்ப வருகிறது. கார்டு-9 இல்லாதவர்களின் நிலை இதைவிட மோசம். பூஞ்சை மூளைக்கே போய்விடுகிறது. டி செல்லுக்கும் முந்திய படியில், நியூட்ரோஃபில்களை மூளைக்கு வரவழைக்கும் வேலையிலும் கார்டு-9-க்குப் பங்கிருப்பதுதான் காரணம்.

அப்படியென்றால் தீராத வாய்க் கேண்டிடா வந்தாலே டிஹெச்-17 குறைவு என்று முடிவு கட்டிவிடலாமா? பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். ஏர் என்ற மரபணுப் பிழையால் வரும் 'ஏபெசெட்' நோயில் உடல் தன் இன்டர்லூகின்-17-க்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது என்று 2010-ல் தெரிந்தபோது, விடை கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2021-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த மிஹாலிஸ் லியோனாகிஸின் குழு வேறொன்றைக் காட்டியது. இந்த நோயாளிகளின் வாயில் இன்டர்லூகின்-17 வழித்தடம் பெருமளவு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அங்கே மிதமிஞ்சி இருந்தது இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம். டி செல்கள் அளவுக்கு மேல் அதைச் சுரந்து உட்தோலைப் பழுதாக்க, அந்த வழியாகப் பூஞ்சை புகுந்துகொண்டது. சிகிச்சையும் அப்படியே தலைகீழாக மாறியது. டி செல்லைத் தூண்டுவதற்குப் பதில், இன்டர்ஃபெரான் செய்தியைத் தடுக்கும் ருக்ஸோலிடினிப் என்ற மாத்திரையை 5 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வாய்க் கேண்டிடா உட்படப் பல தொல்லைகள் தணிந்ததாக 2024-ல் அறிக்கை வந்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தால் ஒரு பூஞ்சைத் தொற்று தணிந்தது! நோயாளியின் வாயில் தெரிவது அதே வெள்ளைப் படலம்தான், அதன் அடியில் இருக்கும் கோளாறு வேறு. இந்தத் துறையில் கடந்த 10 ஆண்டுகளில் வந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கண்டுபிடிப்பு இதுதான்.

இன்டர்ஃபெரான் காமா கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. டிஹெச்-1 வகை டி செல்களின் முக்கிய ஆயுதமே அது, அது இல்லாவிட்டால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை ஆளைக் கொன்றுவிடும். புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கும் இந்தப் பூஞ்சை மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. அதைச் சுற்றித் தடித்த சர்க்கரை உறை இருப்பதால் மேக்ரோஃபேஜுக்குப் பிடி கிடைப்பது கஷ்டம். விழுங்கினாலும் உள்ளேயே உயிரோடு இருந்து பெருகும். டிஹெச்-1 செல் வந்து இன்டர்ஃபெரான் காமாவைக் கொடுத்தால்தான் மேக்ரோஃபேஜ் தன் உள்ளே அடைபட்டிருக்கும் பூஞ்சையைக் கொல்லும் நிலைக்கு மாறுகிறது. எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 என்ற அடையாளம் கொண்ட இந்த உதவி டி செல்களைத்தான். சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவும், 100-க்குக் கீழே போனால் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலும் எட்டிப் பார்க்கின்றன. எய்ட்ஸ் என்ற நோய் உலகுக்குத் தெரியவந்ததே 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்த செய்தியிலிருந்துதான்.

சரி, குறைவது இன்டர்ஃபெரான் காமா என்றால் அதையே ஊசியாகப் போட்டால் என்ன? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 90 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருந்தோடு இரண்டே இரண்டு ஊசி சேர்த்தாலும் முதுகுத்தண்டு நீரிலிருந்து பூஞ்சை வேகமாகக் குறைந்தது. ஆனால் உயிரிழப்பு குறைந்தது என்று அந்தச் சிறிய ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. கிரானுலோமா நோய் என்ற பிறவிக் குறைபாட்டில் இதே ஊசி 1991-லேயே கடுமையான தொற்றுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டியிருந்தது. ஆக, சரியான ஆளுக்குக் கொடுத்தால் மருந்து வேலை செய்கிறது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வரும். ஊசி எதற்கு, எச்.ஐ.வி. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் டி செல்கள் தாமாகவே திரும்பி வருமே? உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வந்த 177 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 1 அல்லது 2 வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. மருந்து. மீதிப் பேருக்கு 5 வாரம் கழித்து. 2014-ல் வெளியான முடிவின்படி, 26 வாரத்தில் சீக்கிரம் தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், தாமதித்தவர்களில் 30 சதவீதம். மூளையில் பூஞ்சையும் அதன் உறைத் துகள்களும் குவிந்து கிடக்கும்போது எதிர்ப்பாற்றல் திடீரென்று உயிர் பெற்றால், மூடிய மண்டையோட்டுக்குள் வீக்கம் தாங்க முடியாததாகிவிடும் என்பது மருத்துவர்களின் நீண்ட நாள் அச்சம். இந்த முடிவு அந்த அச்சத்துக்கு வலு சேர்த்தது.

அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை அடக்கலாமே என்று தோன்றும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் 451 பேரைச் சேர்த்து டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2016-ல் வெளியான அதன் முடிவின்படி, ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குப் பூஞ்சை மெதுவாகவே குறைந்தது, உடல் ஊனமும் பக்கவிளைவுகளும் அதிகமாயின. இருக்கும் கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் அடக்கியதற்கு விலை அது. இதே ஸ்டீராய்டு, ஆக்ஸிஜன் குறைந்த நியூமோசிஸ்டிஸ் நிமோனியா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்பது 1990-லிருந்து நிலைத்த உண்மை. இரண்டும் பூஞ்சைதான், இரண்டு நோயாளிகளுக்கும் சிடி4 குறைவுதான். நுரையீரலில் செய்வதை மூளையில் செய்யக் கூடாது என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. தூண்டினாலும் கெடுதல், அடக்கினாலும் கெடுதல் என்ற நிலையில், முதலில் மருந்தால் பூஞ்சையைக் குறை, 4 முதல் 6 வாரம் கழித்து டி செல்களைத் திரும்பக் கொண்டுவா என்ற கால வரிசைதான் இன்று வழிகாட்டு நெறி. இதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

நம் ஊரிலும் இந்தப் பாடத்துக்கு இடமுண்டு. 2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது இந்தியாவில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருப்பு பூஞ்சை நோயாளிகள் பதிவானார்கள். தமிழக அரசு அந்த மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும், தேவையில்லாதவர்களுக்கும் தேவைக்கு மேலும் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்ததுதான் பெருங்காரணம். இந்நோயை உண்டாக்கும் மியூக்கர் வகைப் பூஞ்சையை எதிர்ப்பதில் முதல் வரிசை நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும்தான், டி செல்லின் பங்கு பின்னால் வருவது. இருந்தாலும் இத்தாலியின் மோடெனாவில் 2011-ல் மியூக்கர் நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் பூஞ்சையை மட்டும் அடையாளம் காணும் டி செல்களைக் கண்டுபிடித்தார்கள். கண்ணில் வரும் பூஞ்சைப் புண்ணிலும் இதே கவனம் தேவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, பூஞ்சைப் புண் வந்த கருவிழித் திசுக்களை ஆராய்ந்து 2011-ல் எழுதியதில், அங்கே குவிந்திருந்தவை பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள். இன்டர்லூகின்-17, இன்டர்ஃபெரான் காமா சமிக்ஞைகளும் உடன் இருந்தன. கருவிழியில் அந்தக் கூட்டமே தழும்பையும் பார்வை இழப்பையும் உண்டாக்கும். அதற்காகக் கண் சிவந்ததும் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டதுபோல ஆகிவிடும். வயலில் வேலை செய்யும்போது கண்ணில் இலையோ உமியோ பட்டுப் புண்ணானவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இனி, டி செல்லையே மருந்தாக ஏற்றும் முயற்சிகள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு முதல் சில மாதங்கள் டி செல்கள் மிகக் குறைவாகவே இருக்கும். காற்றில் எங்கும் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நாமெல்லாம் தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. அவர்களுக்கோ அதுவே நுரையீரலை அழிக்கும். இத்தாலியின் பெருஜியாவில் பாதி மட்டுமே பொருந்தும் உறவினரிடமிருந்து மஜ்ஜை பெற்ற நோயாளிகளிடம் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். கொடையாளியின் ரத்தத்திலிருந்து ஆஸ்பர்ஜில்லஸை அடையாளம் காணும் டி செல்களைத் தனித்தனியாக வளர்த்தார்கள். நோயாளியின் சொந்தத் திசுக்களைத் தாக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் களைந்தார்கள். மிஞ்சியவற்றை ஏற்றினார்கள். 2005-ல் வந்த அறிக்கையில், செல் பெற்ற 10 பேரில் 9 பேருக்குத் தொற்று நீங்கியது, பெறாத 13 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். சிறிய எண்ணிக்கைதான், குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வும் அல்ல. ஆனாலும் பூஞ்சைக்கு எதிராக டி செல் ஏற்றலாம், அது உடலைத் தாக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அது முதல் வலுவான சான்று. இது ஏன் பரவவில்லை என்றால், செல்களை வளர்த்துக் களையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். நுரையீரல் ஆஸ்பர்ஜில்லஸ் அவ்வளவு நாள் காத்திருக்காது.

அப்புறம் வந்தது கார்-டி, அதாவது குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் செயற்கை ஏற்பியைப் பொருத்திய டி செல். ரத்தப் புற்றுநோயில் பேர் வாங்கிய அதே தொழில்நுட்பம். 2014-ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், மேலே சொன்ன டெக்டின்-1 ஏற்பியின் வெளிப்பகுதியை வெட்டி டி செல்லின் மேல் பொருத்தினார்கள். வழக்கமாக டி செல்லால் பூஞ்சையை நேரடியாகப் பார்க்க முடியாது, வேறொரு செல் அதைத் துண்டாக்கிக் காட்ட வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு அது பீட்டா குளூக்கானைத் தானே பிடித்து, பூஞ்சை இழையைத் தானே சேதப்படுத்தியது. எலிகளிலும் பலன் தெரிந்தது. பீட்டா குளூக்கான் பலவகைப் பூஞ்சைகளில் இருப்பதால் ஒரே செல் பலவற்றுக்கு உதவலாம். அதுவே எனக்குக் கவலையும் தருகிறது. குடலில் அமைதியாக வாழும் கேண்டிடாவை இந்தச் செல்கள் என்ன செய்யும்? 2022-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு இதற்கு மாறாக, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸை மட்டும் குறிவைக்கும் கார்-டி செல்லை உருவாக்கியது. அது இழைகளை நேரடியாகத் தாக்கியதோடு இன்டர்ஃபெரான் காமா சுரந்து மேக்ரோஃபேஜ்களையும் உசுப்பியது. எந்த இடம், எந்தப் பூஞ்சை என்று குறுக்கிக்கொள்ளும் இந்தப் பாதைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இவை இரண்டுமே ஆய்வகத்திலும் எலியிலும் கிடைத்த முடிவுகள் என்பதை மறக்கக் கூடாது.

களைத்துப்போன டி செல்களைத் திரும்ப எழுப்பும் புற்றுநோய் மருந்தான நிவோலுமாபை, இன்டர்ஃபெரான் காமாவோடு சேர்த்துக் கொடுத்து, வேறெதற்கும் மசியாத மியூக்கர் தொற்றிலிருந்து ஒரு நோயாளி மீண்ட செய்தி 2017-ல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஒரே ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்து யாருக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது. தடுப்பூசியைப் பொறுத்தவரை, மனிதர்களுக்கான பூஞ்சைத் தடுப்பூசி எதுவும் இன்னும் அனுமதி பெறவில்லை. அதிலும் எச்சரிக்கை தேவை. பெட்ரா பாஹர், அலெக்ஸாண்டர் ஷெஃபோல்டு குழு 2019-ல் காட்டியபடி, நம் உடலில் பூஞ்சைக்கு எதிரான டிஹெச்-17 செல்களை முக்கியமாக உருவாக்குவதே கேண்டிடாதான். அதில் பழகிய செல்கள் நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸைக் கண்டாலும் கிளம்புகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் ஒவ்வாமை உள்ளவர்களின் நுரையீரலில் நோயைத் தூண்டிவிடுவதில் இவற்றுக்குப் பங்கிருக்கிறது. வாயைக் காக்க ஊட்டிய செல் ஆஸ்துமா நோயாளியின் மூச்சைத் திணறடிக்குமா என்று பார்த்துத்தான் தடுப்பூசியைத் திட்டமிட வேண்டும்.

கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு மருந்துக்கு மட்டும் 3 கோடி ரூபாய் தாண்டுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கி 2023-ல் அனுமதி பெற்ற இந்தியக் கார்-டி அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கிறது. பூஞ்சைக்கான கார்-டி ஒருநாள் வந்தால் அந்த அடித்தளம் நமக்குக் கைகொடுக்கும். ஆனால் டி செல் பற்றிய அறிவு இதுவரை காப்பாற்றிய உயிர்களில் பெரும்பகுதி செல் ஏற்றியதால் காப்பாற்றப்பட்டவை அல்ல. சிடி4-ஐ எண்ணிப் பார்த்து நியூமோசிஸ்டிஸைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்ததால், ஏ.ஆர்.டி. மருந்தின் நேரத்தைச் சரியாகக் குறித்ததால், ஸ்டீராய்டைக் கட்டுப்படுத்தியதால் பிழைத்தவர்களே அதிகம். ஆய்வுப் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் நான் முதலில் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் சிடி4 200-க்குக் கீழே இருந்த சுமார் 2,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஏ.ஆர்.டி. தொடங்கும் முன் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் உறைத் துகள் இருக்கிறதா என்று பரிசோதித்து, சாதாரணப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பி மருந்து சாப்பிட உதவியதில் உயிரிழப்பு 28 சதவீதம் குறைந்தது. அந்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சொட்டு மாதிரியில் காகிதப் பட்டையை வைத்தால் 10 நிமிடத்தில் கோடு தெரியும். கோடு விழுந்தால், தலைவலி தொடங்குவதற்கு முன்பே ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஆரம்பிக்கலாம், முதுகுத்தண்டு நீரை எடுத்து மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கலாம், டி செல்களை எந்த வாரத்தில் திரும்ப வரவைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.